ஆலமரத்தில் தொங்கிய இருபத்தேழு பேர்

நான் வேலை பார்க்கும் மலை ஊரில் எல்லார் வீட்டிலும் செல்போன் இருக்கிறது. டவர்தான் இல்லை. குளம் இல்லாத ஊரில் வீட்டுக்கு வீடு தூண்டில் வைத்திருப்பதைப் போல என்று ஒரு சிறுபத்திரிகையில் எழுதினேன். அந்த வரிக்குச் சிரித்தவர் என் மனைவி ஒருவர்தான். அவரும் நான் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறுவேன். மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளிமலை போய், அங்கே ஜீப் மாறி, இன்னும் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் எங்கள் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை சாயங்காலக் கடைசி ஜீப்பில் திரும்புவேன். நடுவில் இருக்கும் ஐந்து நாளும் உலகத்துக்கு நான் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பெரிய துன்பமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த ஐந்து நாளைப் போலச் சுகமாக வேறு எதுவும் எனக்கு வாய்த்ததில்லை.

ஊருக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் ஒரு வளைவில் பெரிய ஆலமரம். கீழே சமவெளியில் இருக்கும் ஏதோ ஒரு டவர், அந்த மரத்தடிக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். மகன் கேரளாவில், மகள் திருப்பூரில் என்று இருப்பவர்கள் போனை எடுத்துக்கொண்டு அங்கே நடந்து போய், வந்திருக்கும் குரல் மெசேஜ்களை இறக்கிக்கொண்டு வருவார்கள். நூறு நாள் வேலைக்குக் கூலி ஏறிவிட்டது, பென்ஷன் வந்துவிட்டது என்கிற மெசேஜும் அங்கேதான் வந்து விழும். ஏறி இறங்கி ஒன்றரை மணி நேர நடை. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது.

இதற்கு வழி செய்தவர் ஜீப்காரர். வெள்ளிக்கிழமை காலை வெள்ளிமலைக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிறவர், எல்லார் போனையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு போய் மரத்தில் தொங்கவிடுவார். மத்தியானம் திரும்பும்போது எடுத்து வருவார். முதல் வாரம் துணிப்பையில் தொங்கவிட்டார். யாரோ வழிப்போக்கர் எடுத்துப் பார்த்து, வேடிக்கைக்கு நாலு போனில் படம் பிடித்து வைத்திருந்தார். இரண்டாவது வாரம் ஜீப்காரர் யோசித்தார். எங்கள் பக்கம் பசு கன்று ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, கோணியில் கட்டி, ஆலமரத்தில் உயரமாகத் தொங்கவிடுவார்கள். பால் கசியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் சுரக்கும் என்று நம்பிக்கை. அந்தக் கோணியை மனிதர் யாரும் தொடமாட்டார்கள். ஜீப்காரர் அதே மாதிரி ஒரு கோணியை எடுத்து, உள்ளே பாலிதீன் விரித்துப் போன்களை அடுக்கி, வாயில் கொஞ்சம் வைக்கோலும் பிதுங்கும்படி வைத்துக் கட்டினார்.

"இத்த எவன் சார் தொடுவான்? தொட்டா ஏழு நாளு சோறு எறங்காது" என்றார்.

அதற்கப்புறம் ஒரு போன்கூடத் தொலையவில்லை. ஏற்பாடு அத்தோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. நான் உள்ளே நுழைந்தேன்.

வாத்தியார் வேலையில் இருபது வருஷம் இருந்தால், எது கூட்டமாக இருந்தாலும் அட்டெண்டன்ஸ் எடுக்கத் தோன்றும். கல்யாணப் பந்தியில்கூட என் வாய் முணுமுணுக்கும். இருபத்தேழு போன் ஒரு கோணியில் போய் வருகிறது, யாருடையது எது என்று தெரியாமல் வெள்ளி மத்தியானம் தள்ளுமுள்ளு. நான் ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வரிசை எண், பெயர், செல் நம்பர், யார் வீடு, பேச வேண்டிய பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது, ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு கட்டம், கடைசியில் குறிப்பு. கட்டத்தில் போன் வந்தால் டிக், வராவிட்டால் 'ஆ'. குறிப்பு என்கிற கட்டம் என் இலக்கியத்துக்கு. 'எண் ஐந்து: சார்ஜரை ஆடு தின்றுவிட்டது.' 'எண் பதினொன்று: கணவன் மனைவி சண்டை, போன் யாருடையது என்பது முடிவாகவில்லை.' 'எண் இருபத்தேழு: இந்த ரிஜிஸ்டரை எழுதுகிறவர். அழைப்பு எதுவும் வருவதில்லை.'

எண் பத்தொன்பது ஒரு அம்மாவுடையது. அவருடைய கணவர், சாமையும் மரவள்ளியும் போடுகிறவர், எனக்கு வருஷத்துக்கு இரண்டு படி சாமை கொடுப்பார். சாமைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த அம்மா ஒரு மழைக் காலத்தில் காய்ச்சல் கண்டு, கீழே கொண்டு போவதற்குள் இறந்துபோனார். அடுத்த வெள்ளி சாமைக்காரர் வழக்கம்போல அந்தப் போனைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தார்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினேன்.

"போய் வர்ட்டும் சார்" என்றார் அவர். "வெள்ளிக்கெழமன்னா அவ வூட்ல இருந்ததே இல்ல."

டிக் போட்டேன். குறிப்பில், இருபது வருஷப் பழக்கத்தில், சிவப்பு மையால் 'காலமானார்' என்றும் எழுதினேன். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் நின்றுபோன பிள்ளைக்குச் சிவப்பில்தான் எழுதுவோம். கை தானாகப் போனது.

அந்தப் போனில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகளுக்கு அந்த அம்மா பேசி அனுப்பிய குரல் மெசேஜ்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக, வாரத்துக்கு இரண்டு மூன்று. மகளுடைய போனைப் பஸ் ஸ்டாண்டில் யாரோ அடித்துவிட்டதால் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. இருந்தது இது மட்டும்தான். சாமைக்காரருக்கு அதை இயக்கத் தெரியாது. வெள்ளி மத்தியானம் பள்ளிக்கூட வராந்தாவுக்கு வந்து நீட்டுவார். நான் அமுக்குவேன். எப்போதும் ஒரே மெசேஜைத்தான் கேட்பார்.

"ஏண்டி, சாப்டியா? உங்கப்பன் இன்னிக்கும் களிய அடி புடிக்க வுட்டுட்ச்சி. கேட்டா, கருவுனாத்தான் வாசம்ன்னுது. நீ வரப்ப எனக்கு ஒண்ணும் வாணாம். ஒரு தலவலி தைலம் மட்டும் வாங்கியா."

நடுவில் தூரத்திலிருந்து சாமைக்காரரின் குரல் வரும்: "யார்கிட்ட பேசிக்கினு இருக்கற?" அந்த அம்மா சொல்வார்: "உன்னப் பத்திதான், போ அப்டி."

அந்த இடம் வரும்போது வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மனிதர் சிரித்துவிட்டு, "போறேன் போறேன்" என்பார். ஒவ்வொரு வெள்ளியும், அதே இடத்தில், அதே பதில். முதல் தடவை நான் பதறிப் போனை நிறுத்திவிட்டேன். பிறகு அந்தப் பதில் வராவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஒரு மெமரி கார்டில் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கார்டு கள்ளக்குறிச்சியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐந்து சனிக்கிழமை மறந்தேன். அந்த ஐந்து சனிக்கிழமையும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது பின்னால் எனக்கே படித்துக் காட்டப்பட்டது.

மாசி மாதத்தில் ஒருநாள், சத்துணவு நேரத்தில், இரண்டு பேர் பள்ளிக்கு வந்தார்கள். ஒருவர் காக்கி, என் வயது, வெயிலில் வந்த களைப்பு. இன்னொருவர் ஜீன்ஸ் பேண்ட், கையில் லேப்டாப், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது. எந்த அலுவலகம் என்று அவர்கள் சரியாகச் சொல்லவில்லை. எனக்கும் அதைச் சரியாகச் சொல்ல விருப்பமில்லை.

ஆலமரத்துக்குக் கீழே சரிவில் மூன்று சந்தன மரங்களை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜீன்ஸ்காரர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பச்சைப் படத்தின் நடுவில், ஈ மொய்த்த மாதிரி, நீலப் புள்ளிகள்.

"இந்த ஏரியாவுக்கு வர்ற டவர்ல அன்னிக்கு இருந்த எல்லா நம்பரையும் எடுத்தோம் சார். அப்பறம் சந்தேகம் வந்து ஒரு வருஷத்துக்கு எடுத்தோம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம, பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும், இருபத்தேழு பேர் இந்த ஒரே எடத்துல. ஒருத்தரும் அசையல. ஒருத்தரும் யாருக்கும் கால் பண்ணல. இன்னா கூட்டம் சார் இது?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"யாரக் கேட்டுப்பா எடுத்தீங்க?" என்றேன்.

"கம்பெனியக் கேட்டு."

"இல்ல, அனுமதி? கோர்ட்டு, அது மாதிரி?"

"லெட்டர் போட்டா குடுப்பாங்க சார்."

"யார் போடணும் லெட்டர்?"

"நாங்கதான்."

காக்கிச்சட்டைக்காரர் சத்துணவு முட்டையை உரித்துக்கொண்டே, "சார் நல்லா கேள்வி கேக்கறாரு" என்றார். பாராட்டுகிற குரல்தான். நான் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

கோணிக் கதையைச் சொன்னேன். நஞ்சுக்கொடியையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகக் கேட்டது. ஜீன்ஸ்காரர் சென்னைப் பக்கம் போலிருக்கிறது. "மாட்டு நஞ்சுக்கொடி மாதிரி மறைச்சு வெச்சாங்களா? ஏன் மறைக்கணும்?" என்று குறித்துக்கொண்டார்.

பிறகு, பேச்சுவாக்கில், ஒரு விசையைத் தட்டினார். இருபத்தேழில் ஒரு புள்ளி மட்டும் தனியாகப் பிரிந்து மலையிலிருந்து இறங்கியது. கள்ளக்குறிச்சி. என் தெரு. நூலகம். டீக்கடை.

"இது நீங்க சார். சனிக்கெழமையானா சின்னசேலம் போறீங்க. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரெண்டு மணி நேரம். வண்டியும் ஏர்றதில்ல. யாரப் பாக்கறீங்க?"

யாரையும் பார்ப்பதில்லை. பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சேலம் வண்டி வருவதையும் போவதையும் பார்ப்பேன். வீட்டில் நூலகம் என்று சொல்லிவிட்டுப் போவேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் போவதே. ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே ரகசியம் அது. இவ்வளவு அற்பமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காதலி என்று சொல்லியிருந்தாலாவது மரியாதை இருந்திருக்கும்.

"சும்மா" என்றேன்.

"சும்மாவா" என்று தட்டச்சு செய்துகொண்டார்.

அந்தப் பயத்தில்தான் ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே பீரோவைத் திறந்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினேன். இருபத்தேழு பெயர், நம்பர், வீடு, பிள்ளைகள் எந்த ஊரில் என்ன வேலை, எந்த வாரம் வந்தது, எந்த வாரம் வரவில்லை. ஸ்கேல் வைத்த கோடு. டவர் கம்பெனி கொடுத்ததில் நம்பர்தான் இருந்தது. மனிதர்களை நான் கொடுத்தேன். ஜீன்ஸ்காரர் ஒவ்வொரு பக்கமாகத் தன் போனில் படம் பிடித்தார். "கையெழுத்து சூப்பர் சார்" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

பத்தொன்பதில் அவர் விரல் நின்றது.

"செத்துப் போனவங்க நம்பரா? ஓடிக்கினு இருக்கே?"

காக்கிச்சட்டைக்காரர் முட்டையை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அன்று சாயங்காலமே சாமைக்காரரின் வீட்டுக்குப் போய்ப் போனை வாங்கிக்கொண்டார்கள். இறந்தவர் பெயரில் ஓடும் சிம் என்றால் கடத்தல்காரர்களுக்குத்தான் வேலை என்பது அவர்கள் கணக்கு. சாமைக்காரர் தடுக்கவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்தார். சார்ஜரையும் கூடவே கொடுத்தார். ரசீது ஏதும் இல்லை. "ரெண்டு நாள்ல குடுத்துருவோம் பெரியவரே" என்றார் காக்கிச்சட்டைக்காரர். ஜீன்ஸ்காரர் சமாதானமாக, "போன் உங்ககிட்ட இருந்தாலும் ஒண்ணுதான், எங்ககிட்ட இருந்தாலும் ஒண்ணுதான். எல்லாமே தெரியும்" என்றாராம். சாமைக்காரர் அந்த வாக்கியத்தை அப்படியே மனப்பாடமாக என்னிடம் ஒப்பித்தார்.

"எல்லாமேன்னா இன்னா சார்? பேசறதுமா?"

"இருக்கலாம்" என்றேன். எனக்கு எதுவும் தெரியாத விஷயத்தில் நான் சொல்லும் வழக்கமான பதில்.

அந்தச் சனிக்கிழமை நான் சின்னசேலம் போகவில்லை. நூலகத்துக்கே போனேன். என் பொய் உண்மையாகிவிட்டது. ஒரு அலுவலகம் செய்த சீர்திருத்தம். தனி மனிதரின் விவரங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்திருப்பதாகப் பேப்பரில் படித்த ஞாபகம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்து, டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். முற்பாதி படிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. கேட்காமல் எடுக்கக் கூடாது, எடுத்ததைத் தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும், என்ன எடுத்தாய் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. பிற்பாதியில், அரசு நினைத்தால் தன் அலுவலகங்களில் எதையும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. திரும்ப முதலிலிருந்து படித்தேன், ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. டீ ஆறிப்போனது. வீட்டைச் சுற்றி வேலி போட்டுத் தருகிறேன் என்று வந்த ஆள், தான் போய்வர ஒரு வழி விட்டுக்கொண்டு, வேலிக்குக் கூலியும் வாங்கிப் போன மாதிரி இருந்தது.

இருந்தாலும் மனு எழுதினேன். மனு எழுதுவதில் எனக்கு ஒரு ருசி உண்டு. என் எழுத்தைக் கட்டாயம் யாராவது படித்தாக வேண்டிய ஒரே வடிவம் அது. மூன்று கோரிக்கை. எந்த உத்தரவின் பேரில் விவரம் எடுக்கப்பட்டது என்று தெரிவிக்க வேண்டும். பத்தொன்பதாம் எண் போனைத் திருப்பித் தர வேண்டும். எங்களைப் பற்றி எடுத்த எல்லாவற்றையும், பிரதிகள் உட்பட, மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும். 'மீட்க முடியாதபடி' என்பதற்கு அடிக்கோடு போட்டேன்.

வீடு வீடாகப் போய் இருபத்தேழு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். பக்கத்திலேயே பெயர், நம்பர், முகவரி. ஜீப்காரர் அதை வாங்கிப் பார்த்தார்.

"கைரேக மட்டுந்தான் அவங்ககிட்ட இல்லாம இருந்துச்சி" என்றார். "அத்தயும் நீயே புடிச்சி அனுப்பற. நடத்து வாத்தியாரே."

அவருக்கு என்மேல் கோபம் இருந்தது. இரண்டு தடவை கீழே கூப்பிட்டு, கோணி ஏன், வைக்கோல் ஏன் என்று கேட்டிருந்தார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை கோணி போவது நிற்கவில்லை. இருபத்தாறு போன். என் ரிஜிஸ்டரை மட்டும் நான் திறக்கவில்லை.

சாமைக்காரருக்கு மனுவைப் படித்துக் காட்டியபோது அவர் இரண்டாவது கோரிக்கையை மட்டும் இன்னொரு தடவை கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

இரண்டு நாள் என்றது நாலு மாதம் ஆனது. மரம் அறுத்தவர்கள் வேறு எங்கோ வேறு ஏதோ வழக்கில் மாட்டினார்கள். அவர்கள் காட்டுக்குப் போகும்போது போன் எடுத்துப் போவதில்லையாம். அந்த வருஷம் முழுக்க அந்த லிஸ்டில் இல்லாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, போனை வாங்கிக்கொள்ளலாம் என்று சேதி வந்தது. ஜீப்காரர் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். அவர்கள் அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு ரைட்டர் என்று ஒருவர் இருந்தார். நானும் முப்பது வருஷமாக அப்படி அழைக்கப்பட வேண்டும் என்று முயல்கிறவன். அவருக்கு மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருந்தது. அவர் ஒரு கவரைக் கிழித்து, போனைச் சாமைக்காரர் கையில் கொடுத்தார். கையெழுத்து வாங்கினார். இப்போது ரசீது இருந்தது.

நான் அமுக்கினேன். பெட்டியிலிருந்து இன்றைக்குத்தான் எடுத்த மாதிரி, மொழியைத் தேர்வு செய்யுங்கள் என்றது.

"லேப்ல தொறக்கறப்ப எல்லாம் அழிஞ்சிட்ருக்கும் சார். பழைய போனு" என்றார் ரைட்டர். கெட்ட மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார். "ஆனா கவலப்படாதீங்க. அழியறதுக்கு முன்னாடியே முழுசா காப்பி எடுத்துருப்பாங்க. அங்க ஒண்ணும் போவாது."

சாமைக்காரர் நிமிர்ந்தார்.

"எங்கிங்க ஐயா?"

"சர்வர்ல."

"பத்தரமா இருக்குமா?"

"அதெல்லாம் எப்பவும் இருக்கும் பெரியவரே. நம்ம காலத்துக்கப்பறமும் இருக்கும்."

சாமைக்காரர் முகத்தில் நான் நாலு மாதமாகப் பார்க்காத ஒன்று வந்தது. நிம்மதி. நான் படித்த அத்தனை கட்டுரைகளிலும், அழியாத சர்வர் என்பது பயந்து நடுங்க வேண்டிய விஷயம். அதைக் கேட்டு ஒரு மனிதர் கண்கலங்கி நன்றி சொல்வார் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப ஒருதபா கேக்கலாங்களா? தைலம் வாங்கியாரச் சொல்றது. சின்னதுதான்."

ரைட்டர் என்னைப் பார்த்தார். "அது முடியாது சார். வழக்கு ஆவணம். அதோட, ஒருத்தரோட தனிப்பட்ட பேச்சு இல்லியா? வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. ரூல்ஸ் இருக்குது."

ரூல்ஸ் இருந்தது. அந்த ஒரு நாள், அந்த ஒரு இடத்தில், அந்த ஒருவருக்கு.

வெளியே வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றோம். சாமைக்காரர் துணியில் போனைத் திரும்பச் சுற்றினார். பிறகு கேட்டார்:

"நம்ம மனுவுல இன்னா சார் எழுதனீங்க? மூணாவதா?"

நாலு மாதம் முன்பு படித்துக் காட்டியதுதான். அவருக்கு நினைவிருந்திருக்கிறது. பொய் சொல்ல ஒரு கணம் வாய் திறந்தேன். ஜீப்காரர் வேண்டுமென்றே சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி" என்றேன். "திரும்ப எடுக்க முடியாத மாதிரி."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அதை ஒரு கட்டுரையாகவாவது எழுதித் தீர்த்திருப்பேன். துணி முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அழிச்சிருப்பாங்களா?" என்றார்.

"இருக்காது. நாம கேட்டா செய்யணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல."

"நல்லதாப் போச்சி" என்றார் அவர்.

சட்டத்தில் எந்த ஓட்டையைப் பார்த்து டீயை ஆறவிட்டேனோ, அந்த ஓட்டைக்குள்தான் இப்போது அந்த அம்மாவின் குரல் பத்திரமாக இருந்தது. அங்கேயே, ஜீப் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து, இரண்டாவது மனு எழுதினேன். முன் மனுவின் மூன்றாவது கோரிக்கையை, பத்தொன்பதாம் எண்ணைப் பொறுத்தவரை, வாபஸ் பெறுகிறோம். அந்தப் பிரதியைத் தயவுசெய்து அழிக்க வேண்டாம். என்னைப் பற்றி எடுத்ததை அழிக்கச் சொன்னவன், அடுத்த பக்கத்தில் அவர்களையே நன்றாகப் பூட்டி வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன். ரைட்டர் வாங்கிப் படித்து, மறுபடி படித்து, சீல் வைத்தார். "இது மாதிரி ஒண்ணு நான் பாத்ததில்ல" என்றார்.

இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் பதில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஒருவேளை நல்ல அதிகாரி ஒருவர் வந்து, சட்டத்தை மதித்து, அடிக்கோடு போட்ட முதல் மனுவை மட்டும் எடுத்துப் படித்துவிட்டால்? ஒரு கையெழுத்தில் அந்த அம்மா இரண்டாம் தடவை போய்விடுவார். மாநிலத்திலேயே, நேர்மையான அதிகாரி வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் வாத்தியார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமைகளில் மறுபடி சின்னசேலம் போகிறேன். அதே பெஞ்ச். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். யாரோ என்னைத் தேடுகிற மாதிரி இருந்தது, பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். இப்போது எடுத்துக்கொண்டே போகிறேன். நான் வந்து உட்கார்ந்ததும் எங்கேயோ ஒரு நீலப் புள்ளியும் வந்து உட்காரும். இருவரும் சேலம் வண்டியைப் பார்ப்போம்.

கோணியில் மறுபடி இருபத்தேழு போன். வெறும் போனைச் சாமைக்காரர் விடாமல் சார்ஜ் ஏற்றி அனுப்புகிறார். சிம்முக்கு மாதாமாதம் மகள் திருப்பூரிலிருந்தே ரீசார்ஜ் செய்கிறாள். போன வெள்ளிக்கிழமை ஜீப் பழுதாகி, வெள்ளிமலை நடை தாமதமாகி, திரும்பும் அவசரத்தில் ஜீப்காரர் எடுக்க மறந்து, கோணி சாயங்காலம் வரை மரத்திலேயே இருந்தது. கடைசி ஜீப்பில் நான் வீட்டுக்குக் கிளம்பியபோது சாமைக்காரரும் மரம் வரைக்கும் ஏறிக்கொண்டார்.

மேற்கில் வெயில் சாய்ந்திருந்தது. ஜீப்காரர் கோணியை இறக்கி, வைக்கோலை ஒதுக்கி, அவர் போனைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சாமைக்காரர் அதை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, அன்றைக்கு ரைட்டரிடம் பேசிய அதே பணிவில் பேசினார்.

"ஐயா, நான்தாங்க. பத்தொம்பது. தைலம் வாங்கியாரச் சொன்னது இருக்குதுங்களே, அத மட்டும் ஒருதபா போடுங்க. நாங்க இங்கியேதான் நின்னுக்கினு இருக்கோம்."

நான் ஜீப்காரரைப் பார்த்தேன். ஏதாவது நக்கலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டி இன்ஜினை அணைத்தார், சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று. மூன்று பேரும் நின்றோம். சாமைக்காரர் போனைக் காதுக்கு மாற்றிக்கொண்டு, "யார்கிட்ட பேசிக்கினு இருக்கற" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். இந்த முறை அந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டிய இடம்.

கோணிக்குள் யாருடைய போனோ 'டிங்' என்றது. மூன்று பேரில் முதலில் திரும்பியது நான்தான்.